கல்கூர்லி இடைத்தேர்தல், 1920: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கவயல் ஊரான கல்கூர்லியில் 1920 டிசம்பர் 18 அன்று ஓர் இடைத்தேர்தல் நடந்தது. அந்தத் தொகுதியின் உறுப்பினர் ஹியூ மஹோன் இறக்கவில்லை, ராஜினாமா செய்யவும் இல்லை. பிரிட்டிஷ் பேரரசை ஒரு பொதுக்கூட்டத்தில் கடுமையாகப் பேசினார் என்பதற்காக நாடாளுமன்றமே அவரை வெளியேற்றியது. ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் வரலாற்றில் அப்படி வெளியேற்றப்பட்டவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். இந்தத் தேர்தலைப் படிக்கப் படிக்க எழும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன்.

கல்கூர்லி எங்கே இருக்கிறது? அது எப்படிப்பட்ட ஊர்?

பெர்த் நகரத்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய 600 கிலோமீட்டர். ஆறு கிடையாது, மழை குறைவு, சுற்றிலும் செம்மண்ணும் புதர்க்காடும். 1892ல் அருகிலுள்ள கூல்கார்டியில் தங்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் பேடி ஹானன், டாம் ஃபிளனகன், டான் ஷே என்ற மூவர் கல்கூர்லியில் தங்கம் கண்டார்கள். மூன்று பேருமே அயர்லாந்தில் பிறந்தவர்கள். அதன் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் வந்து குவிந்தார்கள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் பொருளாதாரம் சரிந்து வேலை இல்லாமல் இருந்த காலம் அது.

அங்கே தங்கத்தைவிட அரிதாக இருந்தது தண்ணீர்தான். உப்புநீரைக் காய்ச்சி வடித்து விற்றார்கள். குடிக்க விலை கொடுத்தே ஆக வேண்டும். பெர்த் பக்கத்து மலையில் அணை கட்டி, 500 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, மேட்டு நிலத்துக்குத் தண்ணீரை ஏற்றும் திட்டத்தை வகுத்தவர் சி. ஒய். ஓ'கானர் என்ற பொறியாளர். அவரும் ஐரிஷ்காரர். பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் அவரைக் குதறி எடுத்தார்கள். 1902 மார்ச்சில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஜனவரியில் தண்ணீர் கல்கூர்லிக்கு வந்து சேர்ந்தது.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு கோபம் உண்டு. காலனி அரசுக்குத் தங்கவயலிலிருந்து வருமானம் போகிறது, ஆனால் காலனிச் சட்டமன்றத்தில் நமக்கு இடம் குறைவு என்பதுதான் அது. ஆஸ்திரேலியக் கூட்டாட்சியில் சேர மேற்கு ஆஸ்திரேலியா தயங்கியபோது, 'எங்களைத் தனிக் காலனியாகப் பிரித்துவிடுங்கள், நாங்கள் சேர்ந்துகொள்கிறோம்' என்று 1900ல் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு லண்டனுக்கு மனு அனுப்பினார்கள். அந்த ஆண்டு ஜூலை 31 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் தங்கவயல் கூட்டாட்சிக்கு ஆதரவாக அள்ளிக் கொடுத்தது. அப்படி அவர்கள் போராடிச் சேர்ந்த அதே நாடாளுமன்றம்தான் இருபது ஆண்டு கழித்து அவர்களுடைய உறுப்பினரை வெளியே அனுப்பியது.

1920ல் ஆஸ்திரேலியா காலனியா, சுதந்திர நாடா?

இரண்டும் இல்லாத ஒரு நிலை. 1901லேயே ஆறு காலனிகளும் சேர்ந்து கூட்டாட்சி ஆகிவிட்டன. உள்நாட்டு ஆட்சி முழுவதும் அவர்கள் கையில். ஆனால் வெளியுறவில் லண்டன் சொன்னதுதான் நடைமுறை. உறுப்பினர்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுத்தார்கள். 'டொமினியன்' என்று இந்த நிலைக்குப் பெயர். முதல் உலகப் போரில் சுமார் 60,000 ஆஸ்திரேலியர்கள் இறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பேரரசு என்ற சொல் அப்போது அங்கே புண்ணில் பட்ட கை மாதிரி.

ஹியூ மஹோன் யார்?

1857ல் அயர்லாந்தின் நடுப்பகுதியில், இப்போது ஆஃபலி என்று அழைக்கப்படும் மாவட்டத்தில் பிறந்தவர். சிறுவயதில் குடும்பத்தோடு வட அமெரிக்காவுக்குப் போனார், அங்கே அச்சுத் தொழில் கற்றார், திரும்பி வந்து பத்திரிகைக்காரர் ஆனார். குத்தகை விவசாயிகளுக்காக நடந்த நிலப் போராட்டத்தில் இறங்கி, 1881ல் டப்ளினின் கில்மெய்னம் சிறையில் அடைக்கப்பட்டார். ஐரிஷ் தலைவர் பார்னெல் இருந்த அதே சிறை, அதே காலம். உடல்நிலை கெட்டு வெளியே வந்தவர் 1882ல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்.

1895 வாக்கில் மேற்கு ஆஸ்திரேலியத் தங்கவயலுக்கு வந்து பத்திரிகை நடத்தினார். 1901ல் முதல் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்குக் கூல்கார்டி தொகுதியிலிருந்து தொழிற்கட்சி உறுப்பினராகப் போனார். 1904ல் அமைந்த முதல் தொழிற்கட்சி அரசில் தபால் துறை அமைச்சர். பிறகு உள்துறை, 1914 முதல் 1916 வரை வெளிவிவகாரத் துறை. 1913 பொதுத்தேர்தலில் வேறு தொகுதியில் தோற்றார். அந்த ஆண்டு இறுதியில் கல்கூர்லி உறுப்பினர் சார்லி ஃபிரேசர் இறந்துவிட, இடைத்தேர்தலில் போட்டியே இல்லாமல் உள்ளே வந்தார். 1917ல் தோற்று, 1919ல் மறுபடி வென்றார். ஆகவே 1920ல் அவர் யாரோ ஒரு கத்துக்குட்டி இல்லை. 63 வயதுக்காரர், நான்கு அரசுகளைப் பார்த்தவர், கண்டிப்பானவர், எளிதில் யாரோடும் ஒட்டாதவர்.

அவர் அப்படி என்ன பேசினார்?

1920 நவம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. மெல்பர்ன் நகரத்தின் ரிச்மண்ட் பகுதியில், திறந்தவெளியில் சில ஆயிரம் பேர் கூடிய கூட்டம். அயர்லாந்தின் விடுதலைக்காக இயங்கிய ஐரிஷ் அயர்லாந்து லீக் என்ற அமைப்பு கூட்டியது. மஹோன்தான் அதன் தலைவர்.

கார்க் நகர மேயர் டெரன்ஸ் மெக்ஸ்வீனியின் சாவைப் பற்றித்தான் பேசினார். ரஷ்யாவில் ஜார் மன்னர்களின் மிகக் கொடிய ஆட்சியில்கூட இப்படியொரு கேவலமான கொலை நடந்ததில்லை என்றார். சவப்பெட்டியின் மேல் விழுந்து அழுத விதவையின் விம்மலைச் சொல்லி, நீதியுள்ள கடவுள் ஒருவர் வானத்தில் இருந்தால் அந்த விம்மல் உலகத்தைச் சுற்றி வந்து, இரத்தக்கறை படிந்த இந்தச் சபிக்கப்பட்ட பேரரசின் அடித்தளத்தை ஒருநாள் ஆட்டும் என்றார். கடைசி வாக்கியம்தான் அவரை மாட்டிவிட்டது. ஆஸ்திரேலியாவும் குடியரசாக வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் தீர்மானமும் போட்டார்கள்.

மெக்ஸ்வீனி யார்? அவர் சாவு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

கார்க் நகரத்தின் மேயர், ஐரிஷ் குடியரசுப் போராளி. 1920 ஆகஸ்டில் கைதானதும் உண்ணாவிரதம் தொடங்கி, லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் அக்டோபர் 25 அன்று, 74ஆம் நாளில் உயிர்விட்டார். உலகப் பத்திரிகைகள் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்தன. நம் பக்கத்திலும் அந்தப் பெயர் பல ஆண்டுகள் பேசப்பட்டது. 1929 செப்டம்பரில் லாகூர் சிறையில் 63 நாள் உண்ணாவிரதமிருந்து ஜதீந்திரநாத் தாஸ் இறந்தபோது மெக்ஸ்வீனி குடும்பத்திலிருந்து இரங்கல் தந்தி வந்தது. இந்தியாவின் துக்கத்திலும் பெருமையிலும் பங்குகொள்கிறோம், சுதந்திரம் வரும் என்று அதில் இருந்தது. இதைத் தெரிந்து வைத்திருக்கும் வாசகருக்கு மஹோனின் கோபத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நாடாளுமன்றம் அவரை எப்படி நீக்கியது?

மிக வேகமாக. கூட்டம் நடந்தது ஞாயிறு. வியாழக்கிழமை, நவம்பர் 11 அன்று, பிரதமர் பில்லி ஹியூஸ் தீர்மானம் கொண்டுவந்தார். போர் நின்ற நாளின் இரண்டாம் நினைவு நாள் அது. வேறு எந்த நாளில் கொண்டுவந்திருந்தாலும் இந்த அளவுக்குச் சூடு இருந்திருக்காது. மஹோன் பேசியது ராஜத்துரோகமும் விசுவாசமின்மையும் நிறைந்த பேச்சு, அவர் எடுத்த உறுதிமொழிக்கு முரணானது, ஆகவே அவர் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்பது தீர்மானத்தின் சாரம். விவாதம் நள்ளிரவைத் தாண்டி, வெள்ளிக்கிழமை அதிகாலையில் முடிந்தது. ஆதரவு 34, எதிர்ப்பு 17. கட்சி வாரியாகவே ஓட்டு விழுந்தது. மஹோன் அவையில் இல்லை.

ஹியூஸ் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1916 வரை அவர் தொழிற்கட்சியின் பிரதமர். மஹோன் அவருடைய அமைச்சரவையில் உட்கார்ந்தவர். கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவர ஹியூஸ் பிடிவாதம் பிடித்ததால் அந்த ஆண்டு கட்சி பிளந்தது. ஹியூஸ் தன் ஆட்களோடு வெளியே போய், பிறகு எதிரணியோடு சேர்ந்து தேசியவாதக் கட்சியை அமைத்தார். மஹோன் தொழிற்கட்சியிலேயே தங்கிவிட்டார். நாலு வருடம் முன்பு ஒரே மேசையில் இருந்தவர்கள் இவர்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1919 தேர்தலில் ஹியூஸ் கட்சிக்கு 75 இடங்களில் 37 மட்டுமே கிடைத்திருந்தன. விவசாயிகளின் பிரதிநிதிகளாக வந்தவர்களை நம்பித்தான் ஆட்சி ஓடியது. ஓர் இடம் கூடினால் லாபம்தான். அதற்காகவே நீக்கினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த லாபம் அவர்கள் கண்ணில் படாமல் இருந்திருக்காது.

ராஜத்துரோகம் என்றால் நீதிமன்றத்துக்கு அல்லவா போக வேண்டும்?

எதிர்க்கட்சித் தலைவர் ஃபிராங்க் டூடர் கேட்டதும் இதுதான். அவர் கொண்டுவந்த திருத்தத்தின் வாதம் நேரடியானது: மஹோன் அவைக்குள் எந்தக் குற்றமும் செய்யவில்லை, வெளியே பேசியது குற்றமென்றால் வழக்குப் போடுங்கள், சாட்சி கொண்டுவாருங்கள், நடுவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும், கட்சி மனப்பான்மையால் இயங்கும் ஓர் அவை நீதிபதியாக உட்காரக் கூடாது. இத்தனைக்கும் மஹோன் பேசிய ரிச்மண்ட், டூடரின் சொந்தத் தொகுதியில்தான் இருந்தது. திருத்தம் தோற்றது.

வழக்கு கடைசிவரை போடப்படவில்லை. எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இதுதான். ஒரு மனிதரின் குற்றம் பத்திரிகைச் செய்தியை வைத்து ஒரே இரவில் முடிவு செய்யப்பட்டது.

நீக்கப்பட்டவர் அதே தொகுதியில் மறுபடி நிற்கலாமா?

நிற்கலாம். நாடாளுமன்றம் இடத்தைக் காலி செய்யலாமே தவிர, அந்த மனிதரைத் தகுதி நீக்க முடியாது. பிரிட்டனில் இதற்குப் பெரிய முன்கதை உண்டு. 1769ல் ஜான் வில்க்ஸ் என்பவரை மக்களவை நீக்க, மிடில்செக்ஸ் வாக்காளர்கள் அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். அவை பொறுமை இழந்து, தோற்றவரையே வென்றவராக அறிவித்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு, 1782ல், அந்தத் தீர்மானங்களைத் தன் பதிவேட்டிலிருந்தே அவை நீக்கியது. மஹோனின் ஆதரவாளர்களும் கல்கூர்லி ஒரு மிடில்செக்ஸ் ஆகும் என்றுதான் நம்பியிருக்க வேண்டும்.

அவரை எதிர்த்து நின்றது யார்?

தேசியவாதக் கட்சியின் ஜார்ஜ் ஃபோலி. இவரும் பழைய தொழிற்கட்சிக்காரர்தான். மாநிலச் சட்டமன்றத்தில் தங்கவயல் உறுப்பினராக இருந்து, கட்டாய ராணுவச் சேவைப் பிளவில் அந்தப் பக்கம் போனவர். இருமுனைப் போட்டி.

யாருக்கெல்லாம் ஓட்டு இருந்தது?

21 வயது நிரம்பிய ஆண், பெண் இருவருக்கும். பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தலில் 1902லேயே ஓட்டுரிமை கிடைத்துவிட்டது. ஓட்டுப் போடுவது அப்போது கட்டாயம் இல்லை. அந்தச் சட்டம் 1924ல் வந்தது. வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறை 1918ல் வந்திருந்தது. அதுவும் ஓர் இடைத்தேர்தலின் விளைவு. அதே மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் தொகுதியில் எதிரணி ஓட்டுகள் சிதறியதால், எட்வின் கார்பாய் என்ற 22 வயது தொழிற்கட்சி இளைஞர் வென்றுவிட்டார். அரசு அலறிப்போய்ச் சட்டத்தை மாற்றியது. கல்கூர்லியில் இருவர் மட்டுமே நின்றதால் வரிசைக்கு வேலை இல்லை.

ஓட்டு இல்லாதவர்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கல்கூர்லி என்ற பெயரே அந்த மண்ணின் ஆதிக்குடிகளின் சொல்லிலிருந்து வந்தது. அங்கே விளையும் ஒரு காயின் பெயர். அந்த மக்களுக்கு 1902 சட்டம் ஓட்டுரிமையை மறுத்தது. ஆசியா, ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களையும் அதே சட்டம் விலக்கியது. 1901க்கு முன்பே பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டும் ஒரு சிறு விலக்கு. தங்கவயலுக்கு அரிசி, மாவு, இயந்திரம் எல்லாவற்றையும் ஒட்டகத்தில் சுமந்துவந்து சேர்த்தவர்கள் ஆப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் சுரங்க உரிமம் வாங்கவே சட்டம் விடவில்லை.

இங்கே ஒரு தமிழர் வருகிறார். வலங்கைமான் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி 1922ல் இந்திய அரசின் சார்பில் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே குடியிருக்கும் இந்தியர்களுக்கு ஓட்டு கொடுங்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். 1925ல் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் கூட்டாட்சி ஓட்டுரிமை கொடுத்தார்கள். மஹோனின் தொழிற்கட்சி அயர்லாந்தின் உரிமைக்காகப் பேசிய அதே காலத்தில், வெள்ளையருக்கே ஆஸ்திரேலியா என்பதைக் கொள்கையாகவும் வைத்திருந்தது. அந்த முரணை மறைத்துவிட்டு மஹோனைப் பாராட்டுவது நேர்மையாகாது.

தேர்தல் முடிவு என்ன?

ஃபோலி வென்றார். வித்தியாசம் சில நூறு ஓட்டுதான். நூற்றுக்கு 51க்கு 49 என்ற அளவு.

சிறை சென்றவர், அமைச்சராக இருந்தவர், ஐரிஷ்காரர்கள் நிறைந்த ஊர். ஏன் தோற்றார்?

பல காரணங்கள் சேர்ந்தன. முதலில், ஊர் முன்பு மாதிரி இல்லை. தங்கத்தின் விலை போர்க்காலத்தில் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது, செலவோ ஏறிக்கொண்டே போனது. சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை தேடித் தொழிலாளர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கிளம்பியவர்களில் தொழிற்கட்சிக்கு ஓட்டுப் போடக்கூடியவர்களே அதிகம் இருந்திருப்பார்கள்.

அடுத்தது போர். கட்டாய ராணுவச் சேவை பற்றி 1916லும் 1917லும் நடந்த இரண்டு பொதுவாக்கெடுப்பிலும் நாடு வேண்டாம் என்றது. மேற்கு ஆஸ்திரேலியா இரண்டு முறையும் வேண்டும் என்றது. பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிய வீடுகள், திரும்பி வந்த சிப்பாய்கள், இவர்களுக்குச் 'சபிக்கப்பட்ட பேரரசு' என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும்! 1919 ஆகஸ்டில் இதே ஊரில், ஒரு முன்னாள் சிப்பாய் இறந்ததை ஒட்டி, இத்தாலியர்களை விரட்டக் கூட்டம் கிளம்பியது. அந்தச் சூடு ஆறியிருக்கவில்லை.

அயர்லாந்திலிருந்து வந்த செய்திகளும் நிதானமாகப் பேச விடவில்லை. நவம்பர் 21 அன்று டப்ளினில் காலையில் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாலையில் குரோக் பார்க் மைதானத்தில் கூட்டத்தின்மீது படையினர் சுட்டார்கள். வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பு கார்க் நகரத்தின் நடுப்பகுதியைப் படையினர் எரித்தார்கள். இதைப் படித்தவர்களில் ஒருவர் மஹோன் சொன்னது சரி என்றிருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் ஃபோலிக்குத்தான் என் ஓட்டு என்றிருப்பார். மதமும் இதில் கலந்தது. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்ற கோடு அந்தக் கால ஆஸ்திரேலியாவில் வேலைவாய்ப்பு வரை நீண்ட கோடு.

இவ்வளவையும் தாண்டி அவருக்குப் பாதிக்குச் சற்றே குறைவான ஓட்டு விழுந்திருக்கிறது. எனக்கு அதுதான் வியப்பு.

மக்களே தோற்கடித்துவிட்டார்கள். அப்படியென்றால் நீக்கியது சரிதானே?

இந்தக் கேள்வி எப்போதும் வரும். நான் ஒப்புக்கொள்வதில்லை. டிசம்பர் 18 அன்று கல்கூர்லி மக்கள் தீர்ப்புச் சொன்னது 'ஃபோலி வேண்டுமா, மஹோன் வேண்டுமா' என்ற கேள்விக்கு. அவர்களுடைய உறுப்பினரை அவர்களைக் கேட்காமல் மெல்பர்னில் 34 பேர் அகற்றலாமா என்ற கேள்வியை யாரும் வாக்குச்சீட்டில் வைக்கவில்லை. மஹோனின் பேச்சு பிடிக்காத ஒருவர்கூட, அடுத்த பொதுத்தேர்தல் வரை காத்திருந்து அவரைத் தோற்கடிக்க உரிமை உள்ளவர். அந்த உரிமையைத்தான் அவை எடுத்துக்கொண்டது. அவர் ஓர் ஓட்டில் வென்றிருந்தாலும் சரி, பத்தாயிரம் ஓட்டில் தோற்றிருந்தாலும் சரி, நவம்பர் 12 அதிகாலையில் நடந்தது மாறாது.

இப்போதும் இப்படி நீக்க முடியுமா?

ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் முடியாது. அரசியலமைப்பின் 49ஆம் பிரிவு, பிரிட்டிஷ் மக்களவையின் அதிகாரங்களெல்லாம் நமக்கும் உண்டு என்று சொன்னது. அந்த வழியில்தான் நீக்கும் அதிகாரம் வந்தது. 1987ல் நாடாளுமன்றச் சிறப்புரிமைச் சட்டம் அந்த அதிகாரத்தை வெளிப்படையாக எடுத்துவிட்டது. மஹோன் விவகாரம் அந்த மாற்றத்துக்கான விவாதத்தில் முக்கியமான உதாரணம்.

இந்தியாவில் முடியும். நம் அரசியலமைப்பின் 105ஆம் பிரிவும் முதலில் அதே பிரிட்டிஷ் மக்களவையைத்தான் அளவுகோலாகக் கொண்டது. 1978 டிசம்பரில் இந்திரா காந்தி மக்களவையிலிருந்து நீக்கப்பட்டார். கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005ல் நீக்கப்பட்டவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அவைக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2007ல் தீர்ப்பு வந்தது.

தேர்தல் பிரியர்கள் இந்த இடைத்தேர்தலை அடிக்கடி சொல்கிறார்களே, ஏன்?

எதிர்க்கட்சி வைத்திருந்த இடத்தை ஆளுங்கட்சி இடைத்தேர்தலில் பறித்தது ஆஸ்திரேலியக் கூட்டாட்சி அரசியலில் அபூர்வம். கல்கூர்லிக்குப் பிறகு அது 102 ஆண்டுகள் நடக்கவே இல்லை. 2023 ஏப்ரல் 1 அன்று மெல்பர்னின் ஆஸ்டன் தொகுதியில் தொழிற்கட்சியின் மேரி டாயில் வென்றபோதுதான் அந்தக் கணக்கு முடிந்தது. அந்த வாரம் ஆஸ்திரேலியச் செய்திகளில் கல்கூர்லி பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் பெரும்பாலும் ஒரு புள்ளிவிவரமாக மட்டுமே.

பிறகு மஹோனும் ஃபோலியும் என்ன ஆனார்கள்?

ஃபோலி இரண்டே ஆண்டு இருந்தார். 1922ல் தொழிற்கட்சியின் ஆல்பர்ட் கிரீன் கல்கூர்லியைத் திரும்பப் பிடித்து, 1940ல் சாகும்வரை வைத்திருந்தார். மஹோன் நாடாளுமன்றத்துக்குத் திரும்பவில்லை. மெல்பர்னில் கத்தோலிக்கத் திருச்சபைச் சொத்துகளுக்கான காப்பீட்டு நிறுவனத்தை நடத்திவந்தார். 1931 ஆகஸ்டில், மெல்பர்ன் புறநகர் ரிங்வுட்டில் இறந்தார்.

கல்கூர்லி தொகுதி இன்றும் இருக்கிறதா?

ஊர் இருக்கிறது, தங்கமும் இன்னும் வெட்டுகிறார்கள். தொகுதி இல்லை. பிற்காலத்தில் அது 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து, ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதிகளில் உலகிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. 2010ல் அதைக் கலைத்தார்கள். கல்கூர்லி மக்கள் இப்போது ஓட்டுப் போடுவது ஓ'கானர் தொகுதியில். தண்ணீர்க் குழாய் போட்ட அந்தப் பொறியாளரின் பெயர்தான் அது.